தண்ணி கரண்ட்

மீன் வளர்க்கிறவன் நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது சார். மாடு வைத்திருப்பவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கல்யாணம் காட்சிக்குப் போய் வந்துவிடுவார்கள். மீனுக்கு அது ஆகாது. தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கச் சகிக்காது.

மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். என் பெயர் வேதசிரோமணி. தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கு இந்தப் பக்கம் போட்ட மனைகளில் ஒன்று. அந்த மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் சிட்டிபாபு குடும்பத்து நஞ்சை நிலம். விற்றது போக, எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும் அவருக்கு மிச்சம் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு. மீட்டர் கிடையாது, இலவசம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

மீன் தொட்டியைப் பற்றி ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி, அதில் ஜிலேபி மீன். மீன் கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் மொட்டை மாடிக்கு ஏற்றும். மாடியில் மண் இல்லாமல் வெறும் ஜல்லி நிரப்பிய தொட்டிகளில் கீரையும் தக்காளியும். செடிகள் கழிவைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாகத் திருப்பி அனுப்பும். அது குழாய் வழியாக மறுபடி மீன் தொட்டியில் வந்து விழும். அருள்மேரி, என் மனைவி, அந்தக் கீரையைத் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்தத் தண்ணீர் விழுகிற சத்தம்தான் என்னை உறுத்தியது. கரண்ட் செலவழித்து மாடிக்கு ஏற்றியதைச் சும்மா கொட்டவிடுகிறோமே என்று. செலவழித்தது முழுக்கத் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியாதா? மோட்டார் சூட்டில் கொஞ்சம் போய்விடும், குழாய் உராய்வில் கொஞ்சம் போய்விடும், பாதிகூடத் தேறாது. வருஷா வருஷம் நானே போர்டில் எழுதிப் போடுகிற பாடம். எனக்குத் தேவைப்பட்டது அந்த மிச்சத்தில் ஒரு துளிதான்.

அதற்குச் சக்கரம் செய்து கொடுத்தவன் ஏசுபாதம். அருள்மேரியின் தம்பி. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தகடு வேலை செய்துகொண்டிருந்தான். அலுமினியத் தகட்டில் இலை இலையாக வெட்டி, ஒரு சைக்கிள் டைனமோவோடு சேர்த்து, இரும்பு ஸ்டாண்டில் பொருத்தி, குழாய் வாய்க்கு நேரே நிறுத்தினான். தண்ணீர் விழுந்தது, சக்கரம் சுற்றியது, ஒரு டார்ச் பல்ப் மங்கலாக எரிந்தது. அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஏசுபாதத்துக்கு அது போதவில்லை. மாமா செய்ததை யாராவது பார்க்க வேண்டும் என்று சுவர்மேல் எட்டி சிட்டிபாபுவைக் கூப்பிட்டான். அவர் துண்டை உதறிக்கொண்டு வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, மோட்டாரு இழுக்கற கரண்ட்டு எம்மாம், நீ எடுக்கறது எம்மாம்? மூட்டை அரிசியக் கொட்டிட்டு ஒரு பிடி பொரி வாரிகினு கீற. இதுக்கா இத்தினி பேஜாரு?"

"எங்க மாமா இன்னும் முடிக்கலண்ணா. முடிச்சதும் பாரு. மோட்டாரே இதுலதான் ஓடப் போவுது" என்றான் ஏசுபாதம்.

அப்போது நான் சிரித்துக்கொண்டே, "டேய், அது நடக்காதுடா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிட்டிபாபு போகும்போது முதுகைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் யாருக்கும் பெரிய ஆள் இல்லை. ஹெட்மாஸ்டருக்கு என் முழுப் பெயர் ஞாபகம் இருக்காது. வீட்டில் ஒருவன் மட்டும் என்னை மேதை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் அந்தச் சிரிப்பு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க இருட்டு. நான் மாடியில் நின்றிருந்தேன். சிட்டிபாபுவின் கிணற்று ஷெட்டில் மட்டும் ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அது வேறு டிரான்ஸ்பார்மர். யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான் வந்தது.

அருள்மேரி அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது வேலையை முடித்தேன். ஷெட்டில் உள்ள பியூஸ் கட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வயர் இழுத்து, பழைய ரப்பர் குழாய்க்குள் செருகி, வரப்பு மண்ணுக்கு அடியிலேயே கொண்டுவந்தேன். சுவருக்குக் கீழே நுழைத்து, சக்கரத்தின் ஸ்டாண்டு ஓரமாக ஏற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் விட்டேன். பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர் வைத்தேன். அதற்குள் முறுக்கின வயர்களைத் தவிர ஒன்றும் கிடையாது. மோட்டாருக்கும், மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய பெரிய பல்புக்கும் அங்கிருந்துதான் கரண்ட் போயிற்று. திருட்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. இலவசக் கரண்ட்தானே, யார் வீட்டு முதல் போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்த தடவை தெரு இருண்டபோது என் வீட்டு மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது, தண்ணீர் விழுந்தது, சக்கரம் சுற்றியது. ஏசுபாதம் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான். சக்கரத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையில் கிரீஸ் வாசனை அடித்தது. அவனிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எல்லாம் நீ செஞ்ச சக்கரம்டா" என்று சொன்னேன். இதை இப்போது சொல்லும்போது என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திருநீர்மலைக்குப் போகிறவர்கள்கூட விசாரித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் அவர்கள் கண்ணெதிரே வீட்டு மெயினை ஆஃப் செய்வேன். உள்ளே ஃபேன் நிற்பதைக் காட்டுவேன். பிறகு வெளியே கூட்டிவந்து எரிகிற விளக்கைக் காட்டுவேன். கடைசியில் தொட்டிக்குள் கையை விட்டு அளைவேன். "இது தண்ணி கரண்ட். மெயினை அணைச்சாச்சுன்னா ஷாக்கே அடிக்காது" என்பேன். எல்லோரும் அதை நம்பினார்கள். அருள்மேரியும் மீன் பிடிக்கும் முன் மெயினை மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் கையை விடுவாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

போன வாரம் ஏசுபாதம் என்னிடம் வந்து, "மாமா, ஸ்டாண்டத் தொட்டா சுர்ருனு கீது. மெயினு ஆஃப்ல கீறப்பவே" என்றான்.

வயர் ஸ்டாண்டிலிருந்து பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தேன். அதன்மேல் சுற்றிய டேப்பில் தண்ணீர் தெறித்து நனைந்திருக்கும். எனக்கு உடனே புரிந்தது. ஆனால் அவனிடம், "அது சுத்தற சக்கரத்துல உண்டாகிற ஸ்டாட்டிக்டா, ஒண்ணும் பண்ணாது" என்றேன். அவன் தலையாட்டினான். மறுநாள் பட்டறையில் அந்த வார்த்தையை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். ஒட்டைப் பிரித்துப் போடத்தான் நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவன் எப்போது பார்த்தாலும் அங்கேயே நின்றான். தள்ளிப் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வட்டாரப் பத்திரிகைக்காரர் வந்தார். கூடவே எங்கள் ஹெட்மாஸ்டர், சிட்டிபாபு, தெருவில் சில பேர். மெயினை ஏசுபாதமே போய் அணைத்தான். அயர்ன் பண்ணின சட்டை போட்டிருந்தான். விளக்கு எரிந்தது. பத்திரிகைக்காரர் காமிராவை எடுத்தார். சிட்டிபாபு, "ஒத்துக்கறேன் வாத்தியாரே" என்றார். நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும் செய்தேன் போலிருக்கிறது.

அப்போது சக்கரம் நின்றது. குழாயிலிருந்து வாழைச் சருகு ஒன்று வந்து இலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. சக்கரம் அப்படியே நிற்கிறது, மேலே விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பத்திரிகைக்காரர் மாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மற்றவர்களும் அவர் காமிராவைத்தான் பார்த்தார்கள். கவனித்தது ஏசுபாதம் ஒருவன்தான்.

அவன் சக்கரத்தைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது சார். கோபப்படவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாதபடி தன் முதுகால் சக்கரத்தை மறைத்துக்கொண்டு, இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சருகை உருவினான். என் மானத்தைக் காப்பாற்றத்தான் குனிந்தான்.

சருகு வந்துவிட்டது. சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவன் மட்டும் நிமிரவில்லை. உடம்பு உதறியது, பற்கள் கிட்டித்துக்கொண்டன.

"மெயினை அணைங்க" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார்.

"மெயினு ஆஃப்லதான் கீது சார்" என்றார் சிட்டிபாபு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அருள்மேரி தம்பியைத் தூக்க ஓடினாள். அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "யாரும் தொடாதீங்க. வலிப்பு. தொட்டா நாக்கைக் கடிச்சுக்குவான். காத்து விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். வாத்தியார் சொன்னால் கேட்பார்கள். எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். அவர்களில் யாராவது தொட்டிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள், அந்த அளவில் நான் சொன்னது நல்லதுக்குத்தான் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கையில இரும்பு குடுக்கணும், சாவிக்கொத்து கொண்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். வலிப்பு வந்தவனுக்கு அப்படிச் செய்வது உங்களுக்கும் தெரியும். "நான் எடுத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். உள்ளே போய், பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி, சுவர் இடிந்த இடத்தில் தாண்டி, கிணற்று ஷெட்டுக்குப் போனேன். ஓடவில்லை. ஓடினால் எங்கே ஓடுகிறேன் என்று பார்ப்பார்கள். நடந்தேன். ஷெட்டுப் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதை உடைத்துத் திறப்பதற்குள் நேரமாகிவிட்டது. பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, வயரை அவிழ்த்து வரப்போடு இழுத்துச் சுருட்டிக் கிணற்றுக்குள் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் ஈரத் தரையில் கிடந்தான். அருள்மேரி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே, வைக்காமல் எப்படி இருக்க முடியும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கையில் இருந்த தீப்புண்ணைப் பார்த்துவிட்டுக் கரண்ட் என்று எழுதிவிட்டார். பிறகு நீங்கள் வந்தீர்கள். வீட்டுக்கு வயரிங் செய்தது யார் என்று கேட்டீர்கள். குப்புராஜ் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவன் செய்த வயரிங்கில் ஒரு குறையும் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவன் பெண்டாட்டி சாவித்ரி என் வீட்டு வாசலில் வந்து, "சாரு, நீங்க படிச்சவரு, ஒரு வார்த்த சொல்லுங்க சாரு" என்று அழுதாள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். எனக்கே அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பேபியைத் தூங்க வைத்துவிட்டு அருள்மேரி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். பேபி ஏசுபாதத்தின் மனைவி, மாசமாக இருக்கிறாள்.

"என் தம்பிக்கு எப்பங்க வலிப்பு வந்துது?" என்று கேட்டாள்.

படுத்துத் தூங்கச் சொன்னேன்.

"மெயின் ஆஃப்ல இருந்துது. அவனைத் தொடப் போனேன். என்னை எதுக்குப் பிடிச்சு இழுத்தீங்க?"

நான் இழுக்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளைக் காப்பாற்றியதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. விடியும்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்த வயர்மேன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கறது, கிளம்புங்க" என்றாள். நானாக வந்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நானாக வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் கூட்டிவந்தாள்.

பூட்டைத் திறக்க நேரமாகிவிட்டது என்று அவளிடமும் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. பஸ்ஸில் வரும்போது, "நீங்க முயற்சி பண்ணீங்க, கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை எடுக்கவில்லை. மானம் போன பிறகும் அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது.

நாளைக்கு இடத்தைப் பார்த்து மகஜர் எழுத நீங்கள் கிணற்றடிக்குப் போவீர்கள். அவளும் வருவாள். அவளே பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது சார். கதவே கிடையாது. மூன்று பக்கச் சுவரும் ஒரு தகரக் கூரையும்தான். நான் நடந்து போனதும் நேராகப் பியூஸ் கட்டைமேல் கையை வைத்துவிட்டேன். அப்போது சுவருக்கு மேல் என் வீட்டு மாடி தெரிந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது விளக்கு மட்டும் அணைந்தால் பத்திரிகைக்காரருக்குத் தெரிந்துவிடும், ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்துவிடும், சிட்டிபாபு சிரிப்பார். கையை வைத்தபடியே நின்றேன். அருள்மேரி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதை விட்டுவிட்டு அவள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்த பிறகுதான் பிடுங்கினேன்.

விளக்கு அணைந்ததை யாரும் கவனிக்கவே இல்லை சார். பத்திரிகைக்காரர்கூடக் காமிராவைக் கீழே வைத்துவிட்டு ஏசுபாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.